சிட்டிசனின் அப்பா

அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்றது நாகஜோதியின் போன். வருவதற்கு மட்டும்; திரும்பிப் போவது தனி. ஆட்கள் அப்பா சங்கையாவை ஐஸ்பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கனடாவிலிருந்து தம்பி சதீஸ்குமார் லைனில் இருந்தான்.

"டிக்கெட் போடுறேன்க்கா. நாளை ராத்திரி வந்துருவேன்."

"திரும்பப் போக முடியுமாடா?"

அவன் விமான நேரங்களை வாசிக்க ஆரம்பித்தான்.

பந்தல்குடி நாலு ஏக்கர் கரிசலை விற்ற பணத்தில் அவன் அங்கே லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருந்தான். தொழில் தொடங்க வருகிறவர்களுக்கான விசா. நிரந்தரமாகத் தங்கக் கொடுத்த மனு இன்னும் கிடப்பில். இப்போது குடியேற்றச் சட்டத்தைத் திருத்த மசோதா வந்திருந்தது. நிறைவேறினால், முடிவாகாத மனுக்களை மொத்தமாகத் தள்ளிவிட அரசுக்கு அதிகாரம் வருமாம். இந்த நேரத்தில் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்று சொல்ல முடியாது என்றார் வக்கீல். சட்டம் எப்போது வரும் என்று கேட்டதற்குத் தனி ஃபீஸ் வாங்கிக்கொண்டு, தெரியாது என்றாராம்.

"வராத," என்றாள் நாகஜோதி. "அப்பாவோட அந்த நாலு ஏக்கரயும் சேத்து எரிக்கணுமா?"

அவன் அழுவது கேட்டது. போனை அணைத்தாள்.

ஊர் வம்பைச் சங்கையா முன்பே விலைக்கு வாங்கி வைத்திருந்தார். நிலத்தை விற்று ஆகாயத்தில் போட்டுவிட்டதாக டீக்கடையில் ஒருவன் சீண்டியபோது, மகன் அங்கே சிட்டிசனே ஆகிவிட்டான் என்று சொல்லி, கடை முழுக்கக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். காராச்சேவு தின்ற எவனும் அத்தாட்சி கேட்கவில்லை.

சித்தப்பா சண்முகவேல் பருத்திக் கமிஷன்காரர்; பேச்சையும் எடைபோட்டுத்தான் வாங்குவார். பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"சிட்டிசன் ஆனவனுக்கு வர என்ன தடை? இல்ல, அண்ணன் நம்மகிட்டப் பொய் சொன்னாரா?"

அம்மா கருத்தம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு ஐஸ்பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவன் கெளம்பித்தான் நின்னான் சித்தப்பா. நாந்தான் வேணாம்னுட்டேன். அப்பாவ ரெண்டு நாள் பெட்டியில போட்டுவைக்க எனக்கு மனசில்ல."

"பெத்த மகனுக்கு மூஞ்சியக் காட்டாம அனுப்ப ஒனக்கு மனசிருக்கு," என்றார் அவர்.

அத்தை பெத்தம்மாள் அதுவரை பிடித்திருந்த நாகஜோதியின் கையை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். கொள்ளிச்சட்டியைச் சித்தப்பா மகன் காளிராஜ் ஏந்தினான். தெருமுனையில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. அந்தத் தெருவின் வழக்கப்படி சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"போறவுக யாருக்காச்சும் பணமோ சொல்லோ பாக்கி வச்சிருந்தா இப்பவே கேட்டுருங்க. அங்க போய்க் கேக்கக் கூடாது."

சித்தப்பாவின் பார்வை நாகஜோதியிடம் வந்து சற்று நின்றது. அவள் பாடையிலிருந்து சரிந்த மாலையை எடுத்து மேலே வைத்தாள்.

"பாக்கி ஒண்ணுமில்ல," என்றார் அவர். "தூக்குங்கப்பா."