மேசைக்காலில் போட்ட கட்டு

முதலுதவிப் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள்: மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர் ராஜமணி, கரும்பலகை ஓரத்தில் கைவைத்த நாற்காலியில். முன்பெஞ்சில் போடி ஏலக்காய்க் கடைக் குடும்பத்துக் கர்ணன் சாரும் பெரியகுளம் நல்லகண்ணு சாரும். அவர்களுக்குப் பின்னால் வேறு சில சாரண ஆசிரியர்கள். கதவோரக் கடைசிப் பெஞ்சில் ஏசுதாசனாகிய நான். அங்கே உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. மற்ற பெஞ்சுகளில் துண்டு விரித்திருந்தார்கள்.

அது 1974 மே மாதம். சான்றிதழ் உள்ளவர்தான் பையன்களை மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று உத்தரவு வந்திருந்தது. என் சாரணர் படையில் இருந்ததெல்லாம் எங்கள் தெருப் பையன்கள். மேகமலையின் அடிவாரத்தில் பிறந்தும் மேலே ஏறிப் பார்க்காதவர்கள். பள்ளி திறந்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டும் பாடம் வந்தது. இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவர் கர்ணன். காலில் சிரங்கு என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். சற்று முன் ராஜமணி கட்டிக் காட்டியது அதே காலில்தான்.

ராஜமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேசக் கால்ல கட்டிக் காட்டுங்க ஏசுதாசன். எதுல போட்டாலும் முடிச்சு முடிச்சுதான?"

கட்டினேன்.

"இனி மேச நொண்டாம நடக்குமாக்கும்" என்றார் நல்லகண்ணு. எல்லாரும் சிரித்தார்கள். கர்ணனும் சிரித்தார்.

மாலையில் கட்டுத்துணிகளைச் சுருட்டித் தகரப்பெட்டியில் வைத்தார்கள். மேசைக்காலில் இருந்ததை யாரும் அவிழ்க்கவில்லை.

எனக்குச் சான்றிதழ் இல்லை. ஆள்மீது கட்டிக் காட்டவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். ராஜமணி ஆறுதலாகத்தான் பேசினார். "ஒங்க பையங்க போகட்டும் சார். கர்ணன் கூட்டிட்டுப் போறேங்கிறாக. நீங்க சம்மதக் கடுதாசி மட்டும் அனுப்பிருங்க."

நான் கர்ணனிடம் திரும்பினேன். "மலையில ஒருத்தன் விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா?"

"அதெல்லாம் விழமாட்டான் சார்."

"விழுந்தா?"

அவர் ராஜமணியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கூட ஒங்க தெரு ஆளு யாரையாச்சும் அனுப்பிவிடுங்க."

வீட்டில் என் மனைவி ஜெபராணி, பையன்கள் ஏங்கிப்போவார்கள் என்றாள். உண்மைதான். ஆனாலும் தேதி, பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி போட்டு, பையன்களை அனுப்பச் சம்மதமில்லை என்று எழுதினேன். காரணத்துக்கு அரைப் பக்கம் விட்டிருந்தேன். விழுந்தால் தொட்டுத் தூக்க ஆளில்லை என்பதற்கு ஒரு வரியே போதுமாக இருந்தது.

உறையில் பசை தடவி ஒட்டி, மறுநாள் முதல் தபாலில் சேர்த்தேன்.