ஆறிய துணி

அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கதவருகில் நின்று, உதட்டின்மேல் விரல் வைத்து என்னைத் தடுத்தார். "சத்தம் போடாதே. உங்கம்மா தூங்குறா" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அலுப்போடு பையைத் தோளில் மாட்டியபடியே நானும் நின்று சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நானும்தான் சிரித்தேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் இஸ்திரிக் கடை. வாடிக்கையாளர்கள் அவரை 'மடிப்பு' என்பார்கள். அவர் தேய்த்த கால்சட்டையின் கோட்டில் காய்கறி நறுக்கலாம் என்று கேலி செய்வார்கள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் அம்மா படுத்திருந்தாள். மார்பில் தொடங்கிய புற்றுநோய் தோள்பட்டை எலும்புக்கு வந்துவிட்டது. முதலில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி அடங்கியது, ஆனால் வயிறு ஐந்து நாள் போகாது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும். வலியைவிட இது மேலா என்று கேட்டு, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்க ஆரம்பித்தாள். அதனால்தான் மருத்துவர் தோலில் ஒட்டும் பேட்சுக்கு மாற்றினார். மூன்று நாளைக்கு ஒன்று. மருந்து தோல்வழியே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும்.

வீட்டுக்கு வந்து அதை அம்மாவின் பின்தோளில் ஒட்டிக் காட்டிய நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அப்போது கடையில் ஒருவர் சட்டைக்காகக் காத்திருந்தார், அப்பாவால் உள்ளே வர முடியவில்லை. கேட்டுக்கொண்டவள் நான். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, அது மேல வெந்நீர்ப் பை வைக்கக் கூடாதாம்." நர்ஸ் சொன்னது, சூடு எதுவுமே படக்கூடாது என்று. சூடு பட்டால் மூன்று நாளுக்கான மருந்து சில மணி நேரத்திலேயே உடம்பில் ஏறிவிடும் என்றும் சொன்னாள். நான் அதையெல்லாம் ஒரு வெந்நீர்ப் பையாகச் சுருக்கிவிட்டேன்.

சொன்னதை அப்படியே செய்கிறவர் அப்பா. அன்றே பையிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, பரணில் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை தோள் குளிர்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முதுகு வலித்த நாளெல்லாம் அப்பா செய்வதைத்தான் செய்தார். பழைய படுக்கை விரிப்பை நான்காக மடித்து, இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டி, தோளுக்கடியில் வைத்தார். ஆறினால் எடுத்து மறுபடி தேய்த்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒத்தடமே இல்லை. நாளெல்லாம் கை தொடுகிற வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு அம்மா தூங்கிவிட்டாள். அப்புறமும் அவளை எழுப்பாமல் துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். வந்தவர்களிடமெல்லாம் கிசுகிசுத்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கி, பெட்டியைக்கூட ஓசைப்படாமல் வைத்து வேலை செய்தாராம்.

நான் சிரித்தபடி நின்றபோது குறட்டை நின்றது. மறுபடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெகுநேரம் கழித்து, தொண்டையில் எதையோ இழுப்பதுபோல் ஒரு மூச்சு வந்தது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினேன், காதைத் திருகினேன். இமையைத் தூக்கினால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்கு இருந்தது. தோளுக்கடியில் கை விட்டேன். துணி சூடாக இருந்தது.

பேட்சைப் பிய்த்து எடுத்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வரும்வரை அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விடாமல் கூப்பிட்டு மூச்சு விடச் சொல்லச் சொன்னார்கள். அப்பா அவள் காதருகே குனிந்து, "மூச்சு விடு, இந்தா, இன்னொண்ணு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்டார்: "பேட்ச் மேல ஏதாவது சூடு வெச்சீங்களா?"

"சூடெல்லாம் இல்லீங்க" என்றார் அப்பா. "தேய்ச்ச துணிதான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. தன் கைகளைப் பார்த்தார்.

மருந்தின் வேகத்தை முறிக்க ஊசி போட்டார்கள். அம்மா மூச்சோடு வந்தாள், கூடவே வலியும் மொத்தமாக வந்தது. என்னைப் பெற்றபோதுகூடக் கத்தாதவள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அன்று தெருவே கேட்கக் கத்தினாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். குறைந்த அளவில் மறுபடி பேட்ச். இந்த முறை நர்ஸ் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னாள். ஒட்டிய தேதியை எழுதி வைக்க வேண்டும், பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துவிட வேண்டும், எழுப்பி எழவில்லை என்றால் உடனே கூப்பிட வேண்டும். அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் கட்டிலுக்கு அருகில் வருவதில்லை. வாசற்படியில் நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார், போய்விடுவார். கஞ்சி கொடுப்பதும் உடம்பு துடைப்பதும் என் வேலையாயிற்று. சட்டைகளில் இரட்டைக் கோடு விழ ஆரம்பித்தது. மடிப்புக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. "அப்பா, தப்பு என்னோடது. எந்தச் சூடும் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. நான்தான் சரியாச் சொல்லல."

அவர் ஒரு காலரைத் தேய்த்து முடித்தார். "வெந்நீர்ப் பைன்னு சொன்னே" என்றார். அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "என்னங்க. ஒரு துணி மடிச்சுக் கொண்டாங்களேன்."

அப்பா அசையவில்லை.

"தோளுக்கு வேணாம். சும்மா கையில பிடிச்சிக்கிறேன். சூடுகூட வேணாம், நீங்க மடிச்சதா இருந்தாப் போதும்."

ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னத் துணியை விரித்தார். தேய்த்தார். நான்காக மடித்தார். கோடு கோணாமல் விழுந்தது. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். பிறகு மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஆறிடுச்சுப்பா" என்றேன்.

"இரும்மா. இன்னும் கொஞ்சம்."

அம்மா கண்ணை மூடியிருந்தாள். அவள் கை மட்டும் போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்தபடி இருந்தது.