நான்கு பறையும் பதினொரு பேரும்

படாளத்துப் பெண்களுக்குப் பறை வாங்க நிதி கேட்டு மார்கரெட் எழுதிய விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது: "பதினொரு பெண்கள், நான்கு பறைகள், அதில் ஒன்றுக்கு ஓரம் கிழிந்திருக்கிறது." அந்த வரிதான் சென்னை அறக்கட்டளையிலிருந்து அதிகாரி தீனதயாளனைப் படாளம் வரை காரில் வரவழைத்தது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடி அறையில் அவள் அலுவலகம். சிறு ஊர்களின் இளைஞர் குழுக்களைப் பதிவு செய்து கொடுப்பதும் அவர்களுக்காக நிதி கேட்டு எழுதுவதும்தான் பத்து வருடமாக அவள் வேலை. படாளத்துப் பெண்கள்மேல் மட்டும் கொஞ்சம் கூடுதல் பிரியம். அது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தீனதயாளனோடு அவளும் வந்த கார் படாளத்துக் காலனி மைதானத்தில் நின்றது. சாமியானா போட்டிருந்தார்கள். ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் பதினொரு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் பளபளவென்று ஒரு பறை.

குழுவை நடத்தும் சிநேகாவைத் தனியே இழுத்தாள். "இன்னாடி இது?"

"மாமல்லபுரம் ஹோட்டல்ல பறை அடிக்கிறாங்களே ஒரு குரூப்பு, அவங்ககிட்ட இரவல் வாங்கினு வந்தோம்க்கா. மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர்றாரு, கிழிஞ்சத வெச்சிகினா நிக்கிறது?"

"கிழிஞ்சதப் பாக்கத்தான்டி வந்துகீறாரு!"

"அதுக்குன்னு? மானமா நிக்க வேணாவா?"

மார்கரெட்டுக்கு வந்த கோபம் பாதியில் இடறியது. கல்லூரியில் கட்டணச் சலுகை கேட்கப் போன அன்று, தோழியின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். முதல்வர் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சலுகை கிடைக்கவில்லை. இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இல்லாதவளாக எதிரில் போய் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை இத்தனை விண்ணப்பங்கள் எழுதியும் எப்படி மறந்தாள்?

"எல்லாமே இருக்கே மேடம்," என்றார் தீனதயாளன் தணிந்த குரலில். "நீங்க எழுதினது வேற மாதிரி இருந்துச்சே."

உண்மையைச் சொன்னால் பதினொரு பேரும் தலைகுனிவார்கள். சொல்லாவிட்டால் இவர்களுக்குப் பறை வராது, இனி அவள் எழுதுவதையும் யாரும் நம்பமாட்டார்கள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் அடி தொடங்கிவிட்டது. முதல் சுற்று நன்றாகத்தான் போனது. எட்டாவது சுற்று முடிந்ததும் நான்கு பேர் சட்டென்று நிறுத்தி, பறையைப் பக்கத்தில் நீட்டினார்கள். வாங்க வேண்டியவர்களின் கைகளில் ஏற்கெனவே பறை இருந்தது. தாளம் அறுந்தது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே நான்கு கைகள் நீண்டன.

"லூசு, எங்கிட்ட ஏன்டி நீட்டுற?" என்று ஒருத்தி சீறினாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

"ஏன் நிறுத்துறாங்க?" என்றார் தீனதயாளன்.

சிநேகா பறையைத் தரையில் வைத்தாள். காது மடல் சிவந்திருந்தது. "சார், இது எங்களுது இல்ல. எங்களுக்கு நாலுதான். எட்டு சுத்து அடிச்சதும் அடுத்தவளுக்குக் குடுத்துருவோம். கை அப்டியே பழகிப்போச்சி." திரும்பிக் கத்தினாள்: "அனு, வூட்டுக்குப் போயி நம்மளத எடுத்துகினு வா!"

பழைய பறைகள் வந்தன. வைக்கோல் கொளுத்தி, தோல் விறைக்கக் காய்ச்சினார்கள். கை மாற்ற வசதியாக, தோளில் வார் மாட்டாமல் அணைத்துப் பிடித்து அடித்தார்கள். எட்டாவது சுற்று முடிந்ததும் பறை பறந்ததுபோல் கை மாறியது, ஓர் அடிகூடப் பிசகவில்லை. தீனதயாளன் படமெடுக்க எடுத்த போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார் முடிந்ததும். "ஆளுக்கொரு பறை வந்துட்டா இந்த அழகு போயிடுமே. இன்னும் ரெண்டு மட்டும் குடுத்தா போதாதா?"

பத்து வருடப் பழக்கத்தில் பதில் மார்கரெட்டின் நாக்கு நுனி வரை வந்தது. சிநேகாவே பேசட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வேணும் சார்," என்றாள் சிநேகா. "அழகா கீதுன்னு நாங்க மாத்தல. இல்லாததால மாத்துறோம். முழுப்பாட்டையும் ஒருத்தியே அடிச்சா எப்பிடி இருக்கும்னு இங்க ஒருத்திக்கும் தெரியாது."

 தீனதயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விண்ணப்பத்தின் பரிந்துரைக் கட்டத்தில் "ஆளுக்கொரு பறை" என்று எழுதத் தொடங்கினார். மார்கரெட்டிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அது லேசாக வலித்தது, பிடித்தும் இருந்தது.