ஓரம் வெட்டிய தாள்

"இதை யாருக்காக எழுதின?" என்று அண்ணன் ஒருமுறை அவளிடம் கேட்டான். அவன் கையில் அந்தத் தாள் இருந்தது. பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். பதில் ஒரே ஒரு சொல்தான். அது தொண்டைவரைக்கும் வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வாயடைத்து நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் நின்றாள். எழுத்தெல்லாம் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. மூன்று நாள் நிற்கவைத்தார்கள். நாலாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். "கையுள்ள பிள்ளையும் பிழைக்கும்" என்று சொல்லி, அண்ணன் அவளைத் தெருக்கோடி அச்சகத்தில் சேர்த்துவிட்டான். தாள் மடிப்பது, பக்கம் அடுக்குவது, தைப்பது, ஓரம் வெட்டுவது அவள் வேலை. நடந்து வந்தால் காலடி கேட்காது என்பதால் எல்லோருக்கும் அவள் பூனை.

அச்சகத்துக்கு மேலே ஒரு நீள அறை. ஒரு பக்கம் விற்காத புத்தகக் கட்டுகள், மறுபக்கம் அண்ணனின் ஜாஸ் குழு. மொத்தம் நாலு பேர். சாக்ஸபோன் வாசிப்பவர்தான் தலைவர், அவர் பெயர் கேப்டன். கப்பலைப் படத்தில்கூட சரியாகப் பார்த்திருக்கமாட்டார், ஆனால் மாலுமித் தொப்பியைக் கழற்றமாட்டார். டிரம்ஸ் அடிப்பவனுக்கு இடி என்று பெயர், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. கீபோர்டு அண்ணி. அண்ணன் வாசிப்பது டபுள் பேஸ். ஆளைவிட உயரமாக நிற்கும் மரப்பெட்டி, நாலு தடித்த தந்தி, விரலால் இழுத்து வாசிக்க வேண்டும். கேப்டனுக்கு அவன் நெட்டை. பேஸும் நெட்டை, அவனும் நெட்டை, இரண்டில் எது எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று தெரியவில்லை என்பார் இடி வரும் நேரம் பார்த்து. இடி சிரித்துத் தீர்ந்த பிறகுதான் ஒத்திகை ஆரம்பிக்கும்.

மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பேஸை ஒரே ஆள் ஏற்றி இறக்க முடியாது. அண்ணன் மேலே கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "பூனை, கீழ பிடி" என்பான். அவள் கீழே வயிற்றைப் பிடிப்பாள். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடக்கும் பேச்சில் பாதி அந்த மூன்று சொல்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேப்டன் எழுதித் தரும் பாட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் பிரதி எடுப்பதும் அவள்தான். எடுத்து எடுத்தே சுரக்குறிப்பு அவளுக்குக் கைவந்துவிட்டது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அச்சகத்தில் மிஞ்சும் தாள்களைத் தைத்து அவள் நோட்டுப் புத்தகங்கள் செய்து வைத்திருந்தாள். படுக்கைக்கு அடியில் பதினோரு நோட்டு. வாயால் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது, சில பக்கங்களில் சொல்லாகவும் சில பக்கங்களில் சுரமாகவும்.

அண்ணன் வாசிப்பதற்கு நடை என்று பெயர். ஒரு அடிக்கு ஒரு சுரம், நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் மேலே என்ன சேட்டை செய்தாலும் அவன் அடியில் நடந்துபோவான். ஆனால் போன வழியில் இன்னொருமுறை போகமாட்டான். கேப்டன் ஒரு சுரத்தை இழுத்தால் அவன் அதைக் கேட்டு ஒரு சந்தில் திரும்புவான், அண்ணி ஒன்றைச் சொன்னால் இன்னொரு சந்து. அப்படிக் கேட்டுக் கேட்டு நடப்பதுதான் அவனுக்கு வாசிப்பு.

அந்த வருடம் அவன் இடதுகை மோதிரவிரல் வலிக்க ஆரம்பித்தது. விடியற்காலையில் அண்ணி எழுவதற்கு முன் அடுக்களைக்கு வந்து, வெந்நீரில் உப்புப் போட்டு விரலை முக்கி வைத்துக்கொள்வான். வேலைக்குக் கிளம்ப எழுந்த தங்கை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"உங்கண்ணிகிட்ட மூச்சு விடாத."

அவள் தலையாட்டினாள்.

"அவளுக்குத் தெரிஞ்சா கேப்டனுக்குத் தெரியும். கேப்டனுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே வேற ஆள். உன்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு, அதான் பயமில்ல."

அன்றிலிருந்து தண்ணீரைச் சுடவைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அவன் விரல் நீரில் வெளிறிப்போவதைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. இத்தனை சுரம் எதற்கு? கொஞ்சமாக இருந்தால் விரலுக்கு ஓய்வு கிடைக்குமே.

கீழே நாள் முழுவதும் ஓடும் அச்சு இயந்திரத்துக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு குத்து, ஒரு மூச்சு, உடனே மூன்று குத்து, பிறகு நீளமாக ஒரு வெறுமை. அதையே பிடித்து ஐந்தே ஐந்து சுரத்தில் ஒரு வரி எழுதினாள். நடக்க வேண்டாம், ஒரே இடத்தில் நின்று அதையே திரும்பத் திரும்ப வாசித்தால் போதும். இடையில் நிறைய இடம் விட்டாள், விரல் இளைப்பாற. தாளின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் 'அண்ணனுக்கு' என்று எழுதினாள். புதன்கிழமை ஒத்திகைத் தாள்களோடு சேர்த்து அவன் சுரத்தாள் ஸ்டாண்டில் வைத்துவிடலாம் என்று எண்ணம். வாயைத் திறக்கவே வேண்டியிராது.

அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு தவறு அங்கே நடந்தது. தாள்கட்டு கைக்கு வந்தால் தட்டி நேராக்குவதும், வெட்டு இயந்திரத்தில் வைத்து ஓரத்தைச் சீவுவதும் அவளுக்கு மூச்சு விடுவதுபோல. கேப்டனின் ஸ்டாண்டுகள் குட்டையானவை என்பதால் ஒத்திகைத் தாள்களை எப்போதும் மேலே ஒரு விரல்கடை வெட்டுவாள். அன்றும் தட்டினாள், வைத்தாள், வெட்டினாள். 'அண்ணனுக்கு' என்ற சொல் ஒரு கீற்றுத்தாளில் சுருண்டு கழிவுக் கூடையில் விழுந்தது. அவள் பார்க்கவில்லை. ஆயிரம் பிரதிக்கு ஒரு பக்கம் தப்பாமல் அடுக்குகிற கை, அன்றைக்கு அந்தத் தாளை அண்ணியின் தாள்களோடு சேர்த்துவிட்டது.

ஒத்திகையில் அண்ணி தாளைப் புரட்டினாள்.

"இதென்ன கேப்டன், புதுசா? எண்ணி அஞ்சு சுரம். பஞ்சமா?"

கேப்டன் சாக்ஸபோன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார், சரியாகக் காதில் வாங்கவில்லை. "வாசிச்சுத்தான் பாரேன்" என்றார்.

அண்ணி இடதுகையால் வாசித்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, நாலுமுறை. இடி தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தான். அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. குச்சியை எடுத்து அந்த வரிக்குள் நுழைந்தான். கேப்டன் எட்டு சுற்று சும்மா கேட்டுவிட்டு, மேலே இரண்டே இரண்டு சுரத்தைப் போட்டார். அறை தரையோடு சேர்ந்து ஆடுவதுபோல் இருந்தது. கீழேயிருந்து அச்சக மேஸ்திரி ஏறிவந்தார். சத்தம் என்று சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தார்கள். அவர் வாசலில் நின்றபடி தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"நம்ம மிஷினு மாதிரியே இருக்கே" என்றார். "கால் சும்மா நிக்க மாட்டேங்குது."

கேப்டனின் முகம் அவள் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது. சனிக்கிழமைகளில் அவர்கள் வாசிக்கும் விடுதியின் மேலாளர், ஜாஸ் கேட்டு ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், எழுந்து ஆடுகிற மாதிரி ஃபங்க் இசை ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஃபங்க் ஃபங்க்னு உயிரை எடுத்தானே அந்த ஆளு, இதுதான்யா அது" என்றார் கேப்டன். "நெட்டை, நீயும் அதையே பிடி."

மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவளின் கையில் ஊசி நின்றுபோயிருந்தது. வெட்டிய ஓரம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓசையில்லாமல் கீழே ஓடினாள். கழிவு மூட்டைகளைச் சாயங்கால வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

அடுத்த ஆறு வாரமும் அண்ணன் அந்த வரியோடு மல்லுக்கட்டினான். மூன்று சுற்று சரியாக வரும். நாலாவதில் கேப்டன் மேலே ஏதாவது சொல்வார், அதைக் கேட்டு அவன் விரல் தன்னையறியாமல் ஒரு சந்தில் திரும்பிவிடும். உடனே இடி தடுமாறுவான், எல்லாம் கொட்டிப்போகும்.

"போட்டதையே போடுய்யா" என்றார் கேப்டன்.

"எத்தனை தடவை?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"அப்ப எனக்கு எதுக்குக் காது? கழட்டி ஆணியில மாட்டிரவா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் அண்ணியிடம், "சொன்னதையே சொன்னா, கேக்கறவனை மடையன்னு நினைக்கற மாதிரி இல்ல?" என்றான். "இல்லங்க, அவங்களை ஆட விடறோம், அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. அவள் கெட்டவள் இல்லை. பல வருடம் அண்ணனின் நடைக்கு மேலே பொட்டும் பூவும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக அவளுடைய இடதுகையே பாட்டைத் தாங்கியது. அந்தச் சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதை அடுக்களையில் தங்கை மட்டும் பார்த்தாள். நடக்கும்போது விரல்கள் மாறி மாறி உழைக்கும், வலிக்கிற விரலுக்கு இடையில் விடுதலை கிடைக்கும். இந்த வரியில் அதே விரல் அதே தந்தியில் பத்து நிமிடம் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் இப்போது காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. விரல் கணுவில் வீங்கியிருந்தது. ஓய்வு கொடுக்கத்தான் எழுதினாள். அதுவே அவனைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு கேப்டன், "இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பேஸ் வேண்டாம், கீபோர்டுலயே இருக்கட்டும்" என்றார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. சனிக்கிழமை ஜனம் எழுந்து ஆடியது. அண்ணன் மேடை ஓரத்தில் பேஸைக் கட்டிப்பிடித்தபடி நின்று, தன் முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திகையில் புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய ஒத்திகையில் கேப்டன் அண்ணியிடம், "உன் அஞ்சு சுரம் நம்மளைக் கரையேத்திருச்சும்மா" என்றார்.

"என்னோடதா? நீங்கதானே எழுதினீங்க?"

"நானா? உன் ஸ்டாண்டுல இருந்துச்சு, நீ எழுதினதுன்னு இல்ல நினைச்சேன்."

எல்லாத் தாளும் எப்போதும் ஒரே கையெழுத்தில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இருவரும் மெல்ல, அவள் உட்கார்ந்திருந்த மூலைப்பக்கம் திரும்பினார்கள்.

"அடிப்பாவி" என்றான் இடி. "சத்தம் போடாம பாலைக் குடிச்சிருக்கு பூனை."

சிரிப்பு அடங்கும்போது அண்ணன் எழுந்தான். அண்ணியின் ஸ்டாண்டிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு தங்கையிடம் வந்தான். அப்போதுதான் கேட்டான், யாருக்காக எழுதினாய் என்று. குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

உனக்கு. சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. சொன்னால், எதற்கு என்று அண்ணி கேட்பாள். கேப்டன் கேட்பார். விரலைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கிணற்றில் போட்ட கல் என்று நம்பிச் சொன்னவன் எதிரில் நிற்கிறான். இத்தனையும் அவள் யோசித்தாளா, அல்லது ஒன்பதாம் வகுப்பில் பூட்டிக்கொண்ட அதே தொண்டைதானா, அதை அவளால் பின்னாலும் பிரித்தறிய முடியவில்லை. அவன் கண்ணை மட்டும் பார்த்தாள். பார்வையிலேயே எடுத்துக்கொள்வான் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் கேட்டு வாசிக்கிறவன்தானே.

அவன் பார்வை அண்ணியின் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பியது. "உங்கண்ணிக்கா?" என்றான்.

அவள் அசையவில்லை.

அண்ணி அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எனக்கா எழுதின? ஒரு வார்த்தை சொல்லலையே, கள்ளி" என்றாள். அண்ணியின் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் தாளின் வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். அதைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே நேராக வைத்தான். கேப்டன் காலால் தாளத்தைத் தட்டினார். அண்ணியின் இடதுகை ஐந்து சுரத்தைத் தொடங்கியது, இடி சேர்ந்துகொண்டான். தரை ஆடியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் பேஸுக்கு உறை மாட்டினான். மேலிருந்து கீழ்வரை பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். தூக்கினான். அவள் முந்திக்கொண்டு ஓடி, திருப்பத்துக்கு இரண்டு படி கீழே, வழக்கமாக நிற்கும் இடத்தில் இரு கையையும் நீட்டி நின்றாள். மூன்று சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அவன் பேஸை முதுகில் சாய்த்துக்கொண்டு, வலிக்கிற கையாலேயே கழுத்தைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகத் தனியாக இறங்கினான். திருப்பத்தில் அது சுவரில் உரசி, உறைக்குள் நாலு தந்தியும் ஒருமுறை முனகின. அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவன் அவளைக் கடந்து, ஓடிக்கொண்டிராத அச்சு இயந்திரத்தைக் கடந்து, வாசலில் குனிந்து, வெளியே போய்விட்டான்.