கறிப்பலாவுக்கு உப்பு

பேர் தெரியாத ஒரு காயைத் துண்டால் துடைத்தபடி கிரேன்காரன் அடுக்களைக்குள் வந்தபோது நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வார விடுமுறை நாள். எங்கள் அறையில் ஆறு பேர். இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் சமைப்பவன் நான்தான். வேலை என்னவோ வெல்டிங், ஆனால் அறைக்குள் என்னை யாரும் வெல்டராக நினைப்பதில்லை. சமைக்கிறவன் பாத்திரம் கழுவ வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், ஜன்னலோரக் கட்டில் அவனுக்கு. வேறு யாராவது அடுப்பைத் தொட்டாலும், இறக்குவதற்கு முன்னால் என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் இறக்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, தானாக அப்படி வந்துவிட்டது.

"அண்ணே, இது என்னன்னு தெரியுமா?" என்றான். அவன் எங்களோடு வந்து சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

உரிக்காத தேங்காய் அளவு, பச்சைத் தோல், மேலெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். பார்த்திருக்கிறேன். சந்தையின் கடைசி வரிசையில் குவிந்து கிடக்கும். வளராமல் சூம்பிப்போன பலா என்று நினைத்து ஒன்பது வருஷமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"அதெல்லாம் மாடு திங்கிறதுடா."

"இல்லண்ணே. பாஷை தெரியாம கடைக்காரர்கிட்ட கையாலேயே கேட்டேன். அரியிற மாதிரி காட்டுனாரு, வேகுற மாதிரி காட்டுனாரு, அப்புறம் வயித்தத் தடவிக் காட்டுனாரு."

அடுப்பில் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தேன். கெட்டுத் தொலையட்டும், புத்தி வரும் என்றுதான். கெடவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்து, உருளைக்கிழங்குக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் ஒரு ருசியோடு வந்து நின்றது. பெயிண்டர் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டான். எலக்ட்ரீஷியன் போனில் தேடி, "கறிப்பலாவாம்" என்று பேரைக் கண்டுபிடித்தான். என் மீன் குழம்பை யாரும் மூடி திறந்து பார்க்கவில்லை. கிரேன்காரன் மட்டும் அதில் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, "அண்ணன் குழம்புக்கு முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்" என்றான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் என் மனைவி வீடியோவில் வந்தாள். பெயிண்டர் போனைப் பிடுங்கி, "அண்ணி, இதப் பாருங்க" என்று சட்டியைக் காட்டினான்.

"ஐயோ, பாக்கவே நல்லா இருக்கே! யாரு வெச்சது? அந்தத் தம்பிகிட்ட எப்படி வெக்கிறதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் இங்க பலாக்காயில வெச்சுப் பாக்குறேன்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். லீவில் போகும்போது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "பேசாம உக்காருங்க, இங்க வந்துமா?" என்று விரட்டிவிடுவாள். என் குழம்பை எப்படி வைப்பது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முன்பின் பார்த்திராத தம்பியிடம் கேட்கச் சொல்கிறாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பொறாமைதான், சுற்றி வளைப்பானேன். அந்த வாரம் முழுக்க வெல்டிங் முகமூடிக்குள்ளே அவன் முகம்தான் தெரிந்தது. அவன் மேலே கிரேனில் உட்கார்ந்து இரும்பை இறக்குவான், நான் கீழே நின்று பற்றவைப்பேன். இங்கேயும் அவன்தான் மேலே இருக்கிறான் என்று நினைத்தேன். அதுவரை அப்படி நினைத்ததே இல்லை.

அடுத்த விடுமுறைக்கு முந்தின நாளே டிரைவர் ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, நாளைக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க. தம்பி அந்தப் பலாவ வெக்கட்டும்." சிரித்துக்கொண்டே சரி என்றேன். மறுநாள் ரசத்தை மட்டும் வைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே! அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கேட்டது, பின்னாலேயே வாசனை வந்தது. அதில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மூக்கை வைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை.

கிரேன்காரன் கரண்டியோடு கட்டிலருகே வந்து குனிந்தான். "அண்ணே, உப்பு பாருங்க."

உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்தேன். கனகச்சிதம். ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பத்தல," என்றேன்.

"எவ்ளோண்ணே போட?"

"ஒரு கை அள்ளிப் போடு."

ஒரு நொடி என்னைப் பார்த்தான். "சரிண்ணே" என்று போய்விட்டான்.

முதல் வாயிலேயே டிரைவர் தண்ணீரைத் தேடினான். "என்னடா, கடலக் கொண்டாந்து ஊத்திட்டியா?" என்றான் பெயிண்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். 'அண்ணன்தான் போடச் சொன்னார்' என்று அவன் வாயைத் திறந்தால், 'சமைக்கத் தெரியாம எம்மேல பழி போடுறியா' என்று பாய்வதற்குத் தயாராக இருந்தேன்.

"கை தப்பிடுச்சு, மன்னிச்சுக்குங்க," என்றான். தட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சமும் வெந்த உருளை நாலும் போட்டிருந்தால் ஓரளவு தேற்றியிருக்கலாம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "அண்ணன் வெச்ச ரசம் இருக்குல்ல?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டான். வாரம் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. எழுந்து போய் எடுத்து வந்தேன். ஊற்றும்போது சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு பேருக்கு ஊற்றுகிறவரை இருந்தது. மூன்றாவதாகக் கிரேன்காரன் தட்டை நீட்டினான்.

சாப்பிட்டதும் மற்றவர்கள் மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்துவிட்டார்கள். அடுக்களையில் அவன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சமைச்சவன் கழுவக்கூடாதுடா," என்றேன்.

"இன்னிக்கு நான் சமைச்சதுல சேத்தியில்லண்ணே." திரும்பாமலே சொன்னான். "இன்னொரு காய் வாங்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் நீங்க வைங்க. உங்க கையால வெச்சா எல்லாரும் இத மறந்துருவாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மேடை மேல் இருந்த காயைப் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினேன். பலா அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவ வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவ்வளவு வருஷம் சமைத்த எனக்கு அன்றைக்கு மறந்துபோனது. பால் பொங்கி வழிந்து, நாலு துண்டு போடுவதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கத்திப் பிடியும் கையோடு வந்தது. உதறினேன், போகவில்லை.

அவன் குழாயை மூடிவிட்டு எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தான். கத்தியை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து விரலிடுக்கில் எண்ணெய் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

"உப்பு சரியாத்தான்டா இருந்துச்சு," என்றேன்.

"தெரியும்ண்ணே. நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன்."

"அப்புறம் எதுக்குடா போட்ட?"

"நீங்க சொன்னீங்களே." சுண்டுவிரலில் இருந்த பிசினை உருட்டி எடுத்துக்கொண்டே சொன்னான். "எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சோன்னு நெனச்சேன்."

வெட்கமாக இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, இந்த மனசும் இவனுக்கே வாய்க்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன்.

"இருங்கண்ணே, இழுக்காதீங்க. தோலு வந்துரும்," என்றான்.

பலகையில் கிடந்த காயின் வெட்டுவாயில் பால் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து, அடுத்த விரலைப் பிரித்தான்.