ஒன்றும் கிடைக்காதவனின் கையெழுத்து

தையற்கடை அத்தை உயில் எழுதப் போவதைப் பற்றித் தன் அண்ணன் மகனிடம் மூச்சுவிடவில்லை. ஏதோ வரி விஷயம் என்று சொல்லித்தான், வக்கீல் ஆபீசுக்குக் கார் ஓட்ட அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

பிள்ளையில்லாத அவளுக்கு அவன்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பல்பு மாற்றுவான், குழாய் திருகுவான், திட்டு வாங்குவான். ஆனால் அவள் காலத்துக்குப் பிறகு தையற்கடையை செல்போன் கடையாக்கப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கண்ணாடி அலமாரிக்கு அளவெடுக்க அவளுடைய டேப்பையே இரவல் வாங்கியவன்.

அவளோ கடையைச் சக்கர நாற்காலிச் சங்கத்துக்கு எழுதப்போகிறாள். அவள் கணவர் கடைசி வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தது அவர்கள் இரவல் கொடுத்த நாற்காலியில்தான். நல்ல மனிதர்கள். என்ன, சங்கம் இருந்தது இரண்டாவது மாடியில். நாற்காலி தேவைப்படுகிறவர்கள் படியேறி வந்து வாங்க வேண்டும். அவள் கடைக்கு ஒரு படிகூடக் கிடையாது.

இது தெரிந்தால் அவன் வருவதை நிறுத்திவிடுவானோ என்பதுதான் அவள் கவலை.

வக்கீல் உயிலைப் படித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்தார். "சாட்சி ரெண்டு பேர் வேணும்மா. ஒருத்தர் என் குமாஸ்தா."

"இன்னொருத்தருக்கு மூணு பேரை வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் அத்தை பெருமையாக. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இஸ்திரி போட்ட சட்டையில் பேனாவோடு எழுந்து நின்றார்கள்.

"இவங்க யாரு?"

"சங்கம்."

"சங்கத்துல மத்தவங்க?"

"இவ்வளவுதாங்க," என்றார் தலைவர்.

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "சொத்து போற இடத்து ஆளுங்க சாட்சி போட்டா நாளைக்கு வம்பு. இந்த உயில்ல ஒண்ணுமே கிடைக்காத ஆள் யாராவது இருக்காங்களா?"

அத்தையின் கண் அவளையும் மீறி, வாசல் பெஞ்சில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவன் பக்கம் போனது. வக்கீலும் பார்த்தார். சங்கமே திரும்பிப் பார்த்தது.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றான் அவன்.

வக்கீல் விளக்கினார். அவன் காது சிவந்தது. "அத்தை, அந்த அலமாரிக்கு நான் அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

"நாற்காலி அடுக்க அலமாரி வேணும்தான்," என்றார் பொருளாளர் மெல்ல. செயலாளர் அவர் காலை மிதித்தார்.

அவன் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா உக்காந்திருந்த நாற்காலி இவங்களோடதா?"

"ஆமாடா."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். "இதுக்குக் கூலி உண்டா சார்?"

"வழக்குப் போடக்கூடிய ஆளே சாட்சி. இதைவிடக் கெட்டியான உயில் இல்ல," என்றார் வக்கீல். "கூலி கேட்டுக் கெடுத்துடாதீங்க."

காரில் பாதி வழிவரை அவன் சாலையையே பார்த்து ஓட்டினான். அத்தை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சிக்னலில் நின்றபோதுதான் வாய் திறந்தான்.

"போன வாரம் திருகின குழாய் இன்னும் ஒழுகுதா?"

"ஒழுகுதுடா," என்றாள் சட்டென்று.

"சரி, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

குழாய் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் தளர்த்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.