செர்ரி குத்திய சோடா

உலகத்தில் மொத்தம் மூன்றே வகை பார்டெண்டர்கள்தான் உண்டு. பாட்டிலைத் தூக்கிப்போட்டுப் பிடித்து வித்தை காட்டுகிறவன், குடிக்க வந்தவனின் குடும்பக் கதைக்குக் காதைக் கொடுக்கிறவன், கேட்டதை ஊற்றுகிறவன். மனித குலத்துக்குத் தேவையானவன் மூன்றாமவன் மட்டுமே, அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தெற்குப் பகுதி முழுவதற்கும் அப்படி ஒருவன்தான் மிச்சம், அது தான்தான். இதை டுவேன் க்ரூகர் சண்டைக்காகவோ பெருமைக்காகவோ சொல்வதில்லை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பதைப் போலச் சொல்லுவான்.

"பார்டெண்டருக்குக் கை ரெண்டு போதும். காது எதுக்கு? கண்ணாடி மாட்டவா?" என்பான். அவன் கண்ணாடியும் போடுவதில்லை.

அவன் வேலை பார்க்கும் தெருமுனை பாரில் இரண்டாம் வகைக்கு உதாரணமாக அவன் கைகாட்டுவது லோர்னாவை. ஐம்பது வயது, இருபது வருட அனுபவம். யாருக்கு முட்டி வலி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் எல்லாம் அவளுக்குத் தெரியும். டுவேன் அவளைக் கன்னியாஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"கன்னியாஸ்திரியம்மா, பாவமன்னிப்பு முடிஞ்சுதா? நாலாம் டேபிள்ல பீர் கேக்குறாங்க."

"போ ராசா. உனக்கும் ஒரு நாள் பேச ஆள் வேணும். அப்ப வா, பீரும் தர்றேன்."

லோர்னாவின் தினசரி விருந்தாளி லெஸ்டர் நோவக். தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரியாக இரண்டு மணிக்கு வந்து ஜன்னலோர ஸ்டூலில் உட்காருவார். லோர்னா பாருக்கே முதுகைக் காட்டி நின்று, தானே கலந்து கொண்டுவந்து வைப்பாள்: தடித்த கிளாஸ், பொன்னிறம், ஆரஞ்சுத் துண்டு, குச்சியில் குத்திய செர்ரி. பார்க்கிற எவனுக்கும் அது இந்த ஊர் வழக்கப்படி பிராந்தியில் கலக்கும் காக்டெய்ல், ஓல்ட் ஃபேஷன்ட்.

அது சோடாவும் ஒரு சொட்டு கோலாவும். லெஸ்டர் குடியை விட்டு எட்டு மாதம். "ஒரு வருஷம் தொடாம இரு, பேரனைக் கூட்டிட்டு வர்றேன்" என்று மகள் கார்லா சொல்லியிருந்தாள். வீட்டில் பேசுவதற்கு ஃப்ரிட்ஜ் மட்டும்தான் இருந்தது. தெரிந்த முகங்கள் எல்லாம் இந்த பாரில். சோடா குடிக்கிற கிழவன் என்று அவர்கள் பார்ப்பதை அவரால் தாங்க முடியாது. ஆக ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். டுவேனுக்குத் தெரியாது. அவனிடம்தான் காது இல்லையே.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, லோர்னா தங்கை பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டாள். டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம், பாரே அந்த அணியின் பச்சையும் மஞ்சளுமாக நிரம்பிக் கத்திக்கொண்டிருந்தது. லெஸ்டர் வந்து உட்கார்ந்து, கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு விஷயம். என்னோட வழக்கமானது இருக்கு பாரு, லோர்னா உன்கிட்ட சொல்லியிருப்பா…"

"பெருசு, கதைன்னா அதோ டிவி இருக்கு, அதுகிட்ட சொல்லு. வழக்கமானதுதானே? தினம் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

தெரிந்ததை ஊற்றினான். கையும் தாராளம். செர்ரி இரண்டு போட்டான். லோர்னாவிடம் தோற்கக் கூடாதல்லவா.

லெஸ்டர் முகர்ந்து பார்த்தார். கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அப்படியே கரைந்து முடிந்திருக்கும். அதற்குள் பேக்கர்ஸ் ஜெயித்துத் தொலைத்தார்கள். பிளம்பர் கஸ் எழுந்து, "எல்லாருக்கும் என் ரவுண்டு!" என்று கத்தினான்.

இங்கே ஒருவன் ரவுண்டு வாங்கினால், பார்டெண்டர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன கிளாஸைக் கவிழ்த்து வைப்பான். கையில் இருப்பதை முடி, அடுத்தது உனக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கவிழ்த்த கிளாஸை மதிக்காதவன் வாங்கித் தந்தவனை மதிக்காதவன். இப்படி வரும்போதெல்லாம் லோர்னா லெஸ்டர் முன்னால் கவிழ்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் சத்தமில்லாமல் எடுத்துவிடுவாள்.

டுவேன் கவிழ்த்தான். எடுக்கவில்லை.

"என்ன லெஸ்டர்," கஸ் தோளில் தட்டினான், "கையில இருக்கிறதே அப்படியே இருக்கு? என் பிராந்தி கசக்குமா என்ன?"

பதினைந்து முகங்கள் திரும்பின. டுவேன் துணியால் கவுண்டரைத் துடைத்தபடி, "சீக்கிரம் முடி பெருசு, க்யூ நிக்குது" என்றான். சிரித்தார்கள்.

லெஸ்டர் குடித்தார். பிறகு கவிழ்த்த கிளாஸுக்கு உரியதையும். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வாங்கித்தர வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை, நடந்ததைக் கேள்விப்பட்ட லோர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் டுவேன் முன்னால் வந்து நின்று சோடா, மகள், பேரன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் ஊத்துறவன். கேட்டதை ஊத்தினேன்" என்றான் டுவேன்.

"அவர் கேக்கலடா. சொல்ல வந்தார்."

"கலர் தண்ணிக்கு செர்ரி குத்தி ஊரை ஏமாத்தினது நீ. இது பாரா, நர்சரி ஸ்கூலா?"

லோர்னா கோட்டோடு அப்படியே முதலாளியைப் பார்க்கப் போனாள். அன்றே பகல் வேலையை விட்டு சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் இருக்கும் இடத்தில் நிற்க முடியாது என்று மட்டும் சொன்னாளாம்.

செவ்வாய் இரண்டு மணிக்கு லெஸ்டர் வந்தார். சவரம் செய்யவில்லை.

"பிராந்தி. இந்தத் தடவை தெரிஞ்சேதான் கேக்குறேன்."

டுவேன் பாட்டிலை எடுக்கவில்லை. "பொண்ணு…" என்றான். ஒருவரின் வீட்டைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, முடிக்கவும் தெரியவில்லை.

"பொய் சொல்ல மனசு வரல. சொன்னேன். போனை வெச்சுட்டா. பின்னாடி பையன் சத்தம் கேட்டுச்சு." லெஸ்டர் டிவியைக் காட்டினார். "மிச்சக் கதையை அதுகிட்ட சொல்லிக்கிறேன். நீ ஊத்து."

டுவேன் திரும்பி நின்றான். முதுகு மறைத்தது. கொண்டுவந்து வைத்தான்.

லெஸ்டர் ஒரே வாய் குடித்தார்.

"எட்டு மாசம் இந்தச் சோடாவைக் குடிச்சவன்கிட்டயா தம்பி?" என்று எழுந்தார். "லோர்னா வெச்சா அது மரியாதை. நீ வெச்சா எனக்கு வேற மாதிரி இருக்கு."

தெருவைத் தாண்டி எதிர் பாருக்குப் போனார். அங்கே பாட்டிலைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறவன் இருக்கிறான்.

புதன்கிழமை மதியம் கூட்டம் இல்லை. டுவேன் டிவி சத்தத்தைக் குறைத்தான். சோடா, ஒரு சொட்டு கோலா, ஆரஞ்சு. குச்சியில் ஒரே ஒரு செர்ரி. ஜன்னலோர ஸ்டூலுக்கு முன்னால் வைத்தான்.

புதிதாக வந்த ஒருவன் அந்த ஸ்டூலை இழுத்தான்.

"அங்க ஆள் இருக்கு" என்றான் டுவேன்.

பார் கடிகாரம் இரண்டரை காட்டியது. மூடும் நேரத்தில் ஆட்களைக் கிளப்புவதற்காக, இந்த ஊர் பார்களைப் போல இங்கேயும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இரண்டே கால்தான். ஐஸ் கரைந்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, வேறொன்று கலக்க ஆரம்பித்தான்.